எங்க கம்பெனில பிஇ ஃபண்ட் 40% வாங்குது, உள்ள இருக்கறவங்களுக்கு என்ன ஆகும்?

டெய்ராவாசி:

மக்களே ஒரு சந்தேகம், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க. துபாய்ல ஒரு ஃபுட் டிஸ்ட்ரிபியூஷன் கம்பெனில அக்கவுன்ட்ஸ் பாக்குறேன், பேரு சொல்ல மாட்டேன். அரிசி, பருப்பு, மசாலா, ஃப்ரோஸன் ஐட்டம்னு ஹோட்டலுக்கும் சூப்பர்மார்க்கெட்டுக்கும் சப்ளை. முதலாளி குடும்பம் ரெண்டு தலைமுறையா நடத்துறாங்க, ஓமன்லயும் சவுதிலயும் கிளை, கென்யாவுல சின்னதா ஒன்னு. இப்ப ஒரு பிரைவேட் ஈக்விட்டி ஃபண்ட் (பிஇ, அதாவது அடுத்தவங்க காசுல கம்பெனி பங்கு வாங்கி சில வருஷத்துல விக்கறவங்க) 40% வாங்கப் போகுது. வதந்தி எல்லாம் இல்ல, வாங்கறவங்க பாக்கறதுக்குன்னு ஆன்லைன்ல வச்சிருக்கற டேட்டா ரூம்ல ஃபைல் ஏத்துறதே நான்தான், ராத்திரி பதினோரு மணிக்கு மெயில் வருது போன வருஷ வெண்டர் ஏஜிங் (சப்ளையருக்கு எவ்ளோ நாளா பாக்கிங்கற லிஸ்ட்) அனுப்புன்னு.

அந்த ஃபண்டோட வெப்சைட்ல போய் பாத்தா எகிப்துல ஆஸ்பத்திரி, சவுதில ஸ்கூல், மொராக்கோல பிஸ்கட் ஃபேக்டரி, இன்னொரு நாட்டுல பேமெண்ட் கம்பெனின்னு போய்க்கிட்டே இருக்கு. ஒன்னுக்கொன்னு சம்பந்தமே இல்ல. இத்தன நாட்டுல இத்தன தொழிலு ஒரே ஆளுங்களுக்கு எப்படிங்க தெரியும், எதுக்கு இப்படி பரப்பி வாங்குறாங்க?

எனக்கு 0.5% ஆப்ஷன், அதாவது கம்பெனி பங்க பின்னாடி வாங்கிக்கற உரிமை, தரோம்னு வாய்ல சொல்லியிருக்காங்க, நம்பலாமா? வீட்டம்மா ஊருக்கே வந்துடுங்கன்னு ஒரு பக்கம். துபாய்ல பழைய ஆளுங்க எல்லாம் பிஇ-ன்னு சொன்னாலே அப்ராஜ் அப்ராஜ்னு, இங்க இருந்து விழுந்து போன ஒரு பிஇ கம்பெனிய சொல்லி, பயமுறுத்துறாங்க, நான் வந்ததே 2019 கடைசில, அந்த கதை எனக்கு அரைகுறையாதான் தெரியும். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

சும்மா_ஒருத்தன்:

முதல்ல பேன்ட்ரில பிஸ்கட் நிக்கும் ப்ரோ. அப்புறம் "சினர்ஜி"ன்னு ஒரு கன்சல்டன்ட் வருவான். அவன் லேப்டாப்ப பிளக் பண்ண எடம் கேட்டா உஷாராயிடுங்க 😄

கணக்குப்புள்ள:

நான் ஓஎம்ஆர்ல ஒரு ஃபண்ட் அட்மின் கம்பெனில வேலை பாக்குறேன், அதாவது இந்த மாதிரி ஃபண்டுகளோட கணக்கு எழுதுறவங்க நாங்க, கேமன் தீவுலயும் மொரிஷியஸ்லயும் ரிஜிஸ்டர் ஆகியிருக்கும், லெட்ஜர் மட்டும் சென்னைல இருக்கும். அதனால உங்க ரெண்டாவது கேள்விக்கு பதில் சொல்றேன், முதல் கேள்வியும் அதுலயே வந்துடும்.

ஃபண்ட்காரங்க காசு அவங்க காசு இல்ல. இத முதல்ல மனசுல போட்டுக்கங்க. பென்ஷன் ஃபண்ட், யுனிவர்சிட்டி டிரஸ்ட், இன்சூரன்ஸ், ஐஎஃப்சி மாதிரி வளர்ச்சி நிதி நிறுவனங்க, பணக்கார குடும்பங்க, இவங்கல்லாம் "நான் இவ்ளோ தரேன்"னு எழுதிக் கொடுப்பாங்க, அவ்ளோதான், காசு உடனே வராது. கம்பெனி வாங்கற நேரம் வரும்போது கேப்பிடல் கால்னு ஒரு நோட்டீஸ் போகும், பத்து நாள்ல பணம் வரணும். நடத்துறவங்களுக்கு வருஷத்துக்கு சுமார் 2% ஃபீஸ், கடைசில லாபம் வந்தா அதுல 20%, அதுவும் பெரும்பாலும் முதலீட்டாளருக்கு வருஷம் 8% போய் சேந்த பிறகுதான். ஃபண்டுக்கு ஆயுசு பத்து வருஷம், முன்பாதி வாங்க, பின்பாதி விக்க. ஆக உங்க கம்பெனிய எப்போ விப்பாங்கன்னு தெரியணும்னா உங்க கம்பெனிய பாக்காதீங்க, அந்த ஃபண்டு எத்தனையாவது வருஷத்துல இருக்குன்னு பாருங்க. முதல் வருஷ ஃபண்டுன்னா அஞ்சாறு வருஷம் நிம்மதி, அஞ்சாவது வருஷ ஃபண்டுன்னா வந்த அன்னிக்கே வெளிய போற வாசல தேடிக்கிட்டுதான் வருவாங்க.

நாடு நாடா ஏன் வாங்குறாங்கன்னா, சுலபமான காரணம்தான், ஒரு 50 கோடி டாலர் கைல வச்சுக்கிட்டு ஓமன்ல மட்டும் கம்பெனி தேடுனா எத்தன கிடைக்கும்? கணக்கு ஒழுங்கா இருந்து, முதலாளி பங்கு விக்க சம்மதிச்சு, நாளைக்கு வாங்க இன்னொருத்தனும் இருக்கற மாதிரி கம்பெனி ஒரு நாட்டுல கைவிரல்ல எண்ணிடலாம். அதான் வளைகுடா, வட ஆப்பிரிக்கா, துருக்கி, பாகிஸ்தான்னு பிரதேசமா விரிக்கிறாங்க. தொழில் எல்லாம் சம்பந்தமில்லாத மாதிரி தெரியும் ஆனா உத்துப் பாருங்க, ஆஸ்பத்திரி, ஸ்கூல், சாப்பாடு, பேமெண்ட், எல்லாமே நடுத்தர வர்க்கம் வளர வளர தானா வளர்றது. அவங்க வாங்குறது தொழில இல்ல, அந்த ஊர் ஜனத்தோட சம்பள உயர்வ.

இப்ப அப்ராஜ். ஆரிஃப் நக்வி, கராச்சில பொறந்தவர், 2002-ல துபாய்ல ஆரம்பிச்சார். முதல் பெரிய டீல் அராமெக்ஸ், ஆமா நம்ம கூரியர் அராமெக்ஸ்தான். ஜோர்டான்ல ஆரம்பிச்ச கம்பெனி, 1997-ல அமெரிக்காவுல நாஸ்டாக் பங்குச்சந்தைல லிஸ்ட் ஆன முதல் அரபு கம்பெனி, 2002-ல அத அங்கேந்து எடுத்து, 2005-ல துபாய் மார்க்கெட்ல மறுபடி லிஸ்ட் பண்ணாங்க. அமெரிக்காக்காரன் கண்டுக்காத கம்பெனிக்கு சொந்த ஊர்ல மதிப்பு கிடைச்சது. அப்புறம் எகிப்துல ஒரு உரக் கம்பெனிய 2007-ல வாங்கி அடுத்த வருஷமே ஒராஸ்காம் கிட்ட வித்துட்டாங்க, 2008 க்ராஷுக்கு சரியா முன்னாடி. துருக்கில அஜிபாடெம் ஆஸ்பத்திரி குழுமம் 2007-ல, 2012-ல மலேசியாவோட ஐஹெச்ஹெச் ஆஸ்பத்திரி குழுமம் கைக்கு போச்சு. பெருசா போக ஆரம்பிச்சதும் 2012-ல ஆரியோஸ்னு ஒரு கம்பெனிய விழுங்கினாங்க, அதோட ஆப்பிரிக்கா, தெற்காசியா, லத்தீன் அமெரிக்கா வரைக்கும் ஆபீஸ். இந்தியாவுல பிக்பாஸ்கெட்ல 2016-ல வந்த 15 கோடி டாலர் முதலீட்டு ரவுண்டுக்கு தலைமை இவங்கதான், ஹைதராபாத் கேர் ஹாஸ்பிட்டல்ஸும் அதே வருஷம். உச்சத்துல 1,400 கோடி டாலர் கிட்ட நிர்வாகம் பண்ணாங்க.

விழுந்தது கம்பெனிங்க மோசமா போனதால இல்ல. ஆபீஸ் செலவு, சம்பளம், விமானம், சுவிட்சர்லாந்து டாவோஸ்ல பெரும்புள்ளிங்க கூடற மாநாட்டு பார்ட்டி எல்லாம் சேந்து வர்ற ஃபீஸ தாண்டிடுச்சு. விக்க வேண்டிய கம்பெனி விக்கல, அதனால 20% லாபப் பங்கும் வரல. அந்த ஓட்டைய அடைக்க ஃபண்டுல முதலீட்டாளர் போட்ட காசு கம்பெனி நடத்துற கணக்குக்கு போச்சுன்னுதான் துபாய் நிதி கட்டுப்பாட்டு ஆணையம் 2019-ல சொல்லி 31 கோடி டாலருக்கு மேல அபராதம் போட்டுச்சு. அம்பலமானது ஹெல்த்கேர் ஃபண்டுல. 100 கோடி டாலர் ஃபண்டு, பில் கேட்ஸ் ஃபவுண்டேஷன் மட்டும் 10 கோடி போட்டிருந்தாங்க, ஆஸ்பத்திரி கட்டறோம்னு பணத்த கால் பண்ணிட்டு ஆஸ்பத்திரி வரலையேன்னு 2017-ல அவங்க கேட்டப்பதான் நூல் பிரிய ஆரம்பிச்சது. பேங்க் பேலன்ஸ் காட்டறதுக்கு வருஷக் கடைசில வெளியேந்து கடன் வாங்கி கணக்குல நிறுத்தி, அப்புறம் திருப்பிக் குடுத்தாங்கன்னு குற்றச்சாட்டு. நீங்க ஊருக்கு போற ஏர் அரேபியா இருக்கே, அவங்களே அப்ராஜ்ல தங்களுக்கு சுமார் 33.6 கோடி டாலர் மாட்டியிருக்குன்னு 2018 ஜூன்ல சொன்னாங்க. அதே மாசம் கேமன் கோர்ட்ல திவால் நடவடிக்கை. 2019 ஏப்ரல்ல நக்விய லண்டன் ஹீத்ரோல கைது பண்ணாங்க, அமெரிக்கா வழக்கு போட்டிருக்கு, அவர் குத்தத்த மறுக்கறார்.

எங்க ஆபீஸ்ல இப்ப புதுசா வர்ற ஃபண்டு எல்லாத்துலயும் கேள்விகள் மாறிப் போச்சு, கால் பண்ண காசு 60 நாளோ 90 நாளோ தாண்டி சும்மா இருந்தா திருப்பி அனுப்பணும், கணக்கு எழுதறது வெளி ஆளா இருக்கணும், ஃபண்டோட பேங்க் கணக்குல ரெண்டு கையெழுத்து, அதுல ஒன்னு அட்மினோடது. எனக்கு வேலை கிடைச்சதே அந்த கூத்தாலதானோன்னு சில சமயம் தோணும்.

லைன்மேன்_மவன்:

கணக்குப்புள்ள சார் நல்லா சொன்னீங்க ஆனா ஒரு முக்கியமான கம்பெனிய விட்டுட்டீங்க. கே-எலக்ட்ரிக். கராச்சி ஊருக்கே கரண்ட் குடுக்கற கம்பெனி. "விக்க வேண்டியது விக்கல"ன்னு ஒரு வரில போயிட்டீங்களே, அதுதான் அது.

நான் மின்வாரியக் குடும்பம், இப்ப அபுதாபில சப்ஸ்டேஷன் வேலை, கூட இருக்கறவங்க பாதிப்பேரு கராச்சி பசங்க, அதனால இந்தக் கதைய ரெண்டு பக்கமும் கேட்டிருக்கேன். 2005-ல தனியாருக்கு வித்த கம்பெனி, 2009-ல அப்ராஜ் உள்ள வந்தாங்க. அப்ப நிலைமை என்னன்னா உற்பத்தி பண்ணற கரண்ட்ல மூணுல ஒரு பங்குக்கு மேல லாஸ், பாதி திருட்டு பாதி பழைய கம்பி. ஊரே கொக்கி போட்டு எடுக்குது. இவங்க என்ன பண்ணாங்கன்னா ஃபீடர் ஃபீடரா, அதாவது ஏரியாவுக்கு கரண்ட் கொண்டு போற லைன் லைனா, பிரிச்சாங்க, எந்த ஏரியால பில் ஒழுங்கா கட்டுறாங்களோ அங்க கரண்ட் கட் இல்ல, எங்க திருட்டு ஜாஸ்தியோ அங்க மணிக்கணக்குல கட். பில் கட்டுற ஏழையும் பக்கத்து வீட்டுக்காரன் கொக்கிக்காக இருட்டுல உக்காரணும், அது நியாயமே இல்லன்னு அங்க இன்னிக்கும் சண்டை. ஆனா லாஸ் குறைஞ்சது நிஜம், 2012-ல பதினேழு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவ லாபம் காட்டுனாங்க.

நம்ம நண்பர் கேட்ட கேள்விக்கு இதுல இன்னொரு விஷயம் இருக்கு. 2011 ஜனவரில ஒரே அடியா 4,000 பேருக்கு மேல வேலைய விட்டு தூக்குனாங்க. ஹெட் ஆபீஸ அடிச்சு நொறுக்கிட்டாங்க, கவர்மெண்ட் தலையிட்டு திருப்பி எடுத்துக்க வேண்டியதாப் போச்சு, அப்புறம் விருப்ப ஓய்வு அது இதுன்னு மெதுவா குறைச்சாங்க. ஆக பிஇ வந்தா ஆள் குறையாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

கடைசில 2016 அக்டோபர்ல ஷாங்காய் எலக்ட்ரிக் பவர் 66.4 சதவீதத்த 177 கோடி டாலருக்கு வாங்கறோம்னு கையெழுத்து. ஜாக்பாட்! அந்தக் காசு வந்திருந்தா அப்ராஜ் இன்னிக்கும் கோட் சூட்டோட டாவோஸ்ல நின்னிருப்பாங்க. வரல. 2017-ல நெப்ரா, அவங்க ஊர் மின்சார ஒழுங்குமுறை ஆணையம், கட்டணத்த குறைச்சுட்டாங்க, சீனாக்காரன் கணக்கு ஆட்டம் கண்டுடுச்சு, கவர்மெண்ட் கம்பெனிகளுக்குள்ள யாரு யாருக்கு எவ்ளோ பாக்கின்னு இன்னொரு இடியாப்பம், அனுமதிக் கடிதம் வரவே இல்ல. டீல் வருஷக்கணக்குல தொங்குச்சு. இங்க 2018-ல அப்ராஜே போயிடுச்சு.

சார் மன்னிக்கணும், திருட்டு திருட்டுதான், நான் ஞாயப்படுத்தல. ஆனா கரண்ட் கம்பெனிய வாங்குறவன் அத விக்கறதுக்கு ஒரு கவர்மெண்ட் கையெழுத்து வேணும்னு முதல் நாளே தெரிஞ்சுதான் வாங்குறான். அதுல மொத்த பிழைப்பையும் கட்டுனதுதான் தப்பு.

கணக்குப்புள்ள:

@லைன்மேன்_மவன் ஒத்துக்கறேன், அதான் மெயின் வாசல். பிரதேச ஃபண்டுகளுக்கு வாங்குறது கஷ்டமே இல்லங்க, காசோட வர்றவனுக்கு எந்த ஊர்லயும் நாற்காலி போடுவாங்க. வெளிய வர்றதுதான் கஷ்டம். பாகிஸ்தான்லயோ கென்யாலயோ 50 கோடி டாலர் பங்க மார்க்கெட்ல தூக்கி விக்க முடியாது, விலை விழுந்துடும், வாங்க வர்ற வெளிநாட்டுக் கம்பெனி நாலோ அஞ்சோதான். ஒரு சின்ன மறுப்பு மட்டும், 177 கோடி முழுசும் அப்ராஜுக்கு இல்ல, அது கேஇஎஸ் பவர்னு ஒரு ஹோல்டிங் கம்பெனி வழியா போகணும், அதுல சவுதி, குவைத் பார்ட்னர்களுக்கும் பங்கு உண்டு, அப்ராஜ் பங்குலயும் பெரும்பாதி முதலீட்டாளரோடது.

நைரோபி_நாடார்:

வணக்கம், நைரோபில இருந்து. இங்க ஹார்ட்வேர் தொழில், பங்குச்சந்தைல கொஞ்சம் கைய வைப்பேன். எல்லாரும் அப்ராஜ் பத்தி மட்டும் பேசி தம்பிய பயமுறுத்தாதீங்க, ஒழுங்கா வந்து ஒழுங்கா போனவங்களும் இருக்காங்க.

ஈக்விட்டி பேங்க்னு இங்க ஒன்னு. வீடு கட்டற சொசைட்டியா ஆரம்பிச்சு திவாலாகற நிலைமைல இருந்து எழுந்து, டீக்கடை வச்சவன், தக்காளி விக்கற அம்மா இவங்களுக்கு கணக்கு திறந்தே பெருசான பேங்க். 2006-ல நைரோபி சந்தைல லிஸ்ட் ஆச்சு. 2007-ல ஹீலியாஸ்னு ஒரு பிஇ கிட்டத்தட்ட கால்வாசிப் பங்கு வாங்குச்சு. ஹீலியாஸ் நடத்தறது நைஜீரியாவச் சேந்த ரெண்டு பேரு, டோப்பே லவானி, பாபாதுண்டே சோயொயே, அமெரிக்காவோட டிபிஜிங்கற பிஇ கம்பெனில வேலை பாத்துட்டு 2004-ல லண்டன்ல ஆரம்பிச்சாங்க, ஆப்பிரிக்கா மட்டும்தான் முதலீடு. ஏழெட்டு வருஷம் இருந்தாங்க, பேங்க் உகாண்டா, ருவாண்டா, தான்சானியான்னு போச்சு, 2014, 15-ல பங்க வித்துட்டு கிளம்பிட்டாங்க, ஒரு பெரும் பகுதிய வாங்குனது நார்வேக்காரங்க. கவர்னருக்கு, மந்திரிக்கு அலையல, ஏன்னா ஏற்கனவே லிஸ்ட் ஆன கம்பெனி. வாசல் எங்கன்னு பாத்துட்டுத்தான் உள்ள போனாங்க. அதே ஹீலியாஸ் விட்டோல்ங்கற எண்ணெய் வியாபாரக் கம்பெனியோட சேந்து 2011-ல ஷெல்லோட ஆப்பிரிக்கா பெட்ரோல் பங்க்குகள வாங்கி விவோன்னு பேரு வச்சு 2018-ல லண்டன்ல லிஸ்ட் பண்ணாங்க. நான் வண்டிக்கு பெட்ரோல் போடறது அங்கதான், போர்டு மட்டும் இன்னும் ஷெல்.

இன்னொன்னு சொல்றேன், இது தம்பிக்கு உதவும். ஜாவா ஹவுஸ்னு காஃபி கடை, நைரோபில மால் மாலா இருக்கும். 2012-ல இசிபின்னு ஒரு பிஇ பெரும்பங்கு வாங்குச்சு, அவங்க 2017-ல அப்ராஜ் கிட்ட வித்தாங்க. அடுத்த வருஷம் அப்ராஜே காலி! 2019-ல ஆக்டிஸ்னு இன்னொரு பிஇ அப்ராஜோட ஆப்பிரிக்க ஃபண்ட எடுத்துக்கிட்டப்ப ஜாவா ஹவுஸும் அவங்க கைக்கு போச்சு. மேல முதலாளி மாறிக்கிட்டே இருந்தான், கீழ காஃபி ஆத்தறவன் அதே ஆளு, சம்பளமும் வந்துச்சு. ஃபண்டு நடத்தறவன் திவாலானா ஃபண்டு வாங்குன கம்பெனி திவாலாகாது, ரெண்டும் வேற வேற பெட்டி. துபாய்ல உங்கள பயமுறுத்தறவங்களுக்கு இத சொல்லுங்க.

கென்யா கிளை இருக்குன்னு சொன்னீங்க, அங்க ஒரு தொல்லை உண்டு. திர்ஹாம் டாலருக்கு 3.67-ல ஆணி அடிச்ச மாதிரி நிக்கும், எங்க ஷில்லிங் நிக்காது. எகிப்து பவுண்ட் 2016 நவம்பர்ல சில வாரத்துலயே கிட்டத்தட்ட பாதி ஆச்சு, 2023-ல நைஜீரியா நைராவும் பாதி மதிப்பு கிட்ட இழந்துச்சு. ஷில்லிங்ல லாபம் இரட்டிப்பானாலும் டாலர்ல திருப்பித் தர்றப்ப ஒன்னும் மிஞ்சாது. அதனால உங்க கென்யா கிளைக்கு ஃபண்டு வந்ததும் ஒரு கண்டிஷன் வரும், ஒன்னு பெருசாக்கு இல்ல மூடு.

கிள்ளான்காரன்:

மலேசியாவுல இருந்து சொல்றேன் லா. இங்க கிரியடோர்னு ஒன்னு இருக்கு, நம்ம பிரமல் வாசுதேவன் 2011-ல ஆரம்பிச்சது, அதுக்கு முன்ன கிறிஸ்கேப்பிடல்ல இருந்தவர். மலேசியா, இந்தோனேசியா, இந்தியா, வியட்நாம்னு தெற்கு, தென்கிழக்கு ஆசியா முழுக்க போடறாங்க. மிஸ்டர் டிஐஒய் கடைக்கு போகாத மலேசியன் இருக்க மாட்டான், துடைப்பம் வாங்க போயி ரெண்டு பை சாமானோட வர்ற கடை, அதுல இவங்க பங்கு இருந்தது, 2020 அக்டோபர்ல கோவிட் நடுவுல லிஸ்ட் ஆச்சு. சிடிஓஎஸ்னு கடன் ரிப்போர்ட் கம்பெனி, லோன் கேக்கப் போனா பேங்க்காரன் முதல்ல தட்டிப் பாக்கறது, அத 2014-ல வாங்கி 2021-ல லிஸ்ட் பண்ணாங்க. மலேசியால உள்ளூர்ல காசு போடற பென்ஷன் ஃபண்டு ஜாஸ்தி, இபிஎஃப் மாதிரி, அதனால லிஸ்ட் பண்ணா வாங்க ஆள் இருக்கு. கராச்சில இல்லாதது அதுதான்.

அப்புறம் மேல சொன்ன அஜிபாடெம், அத வாங்குன அதே வருஷம் ஐஹெச்ஹெச் கோலாலம்பூர்லயும் சிங்கப்பூர்லயும் லிஸ்ட் ஆனாங்க. சென்னை பெரும்பாக்கத்துல இருக்கற க்ளெனிகிள்ஸ் ஆஸ்பத்திரியும் அவங்களோடதுதான். துருக்கி ஆஸ்பத்திரியும் பெரும்பாக்கமும் ஒரே முதலாளின்னு அங்க ஓபி சீட்டு போட நிக்கறவங்களுக்கு தெரியுமா தெரியல.

டெய்ராவாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, ஒரே நைட்ல எம்பிஏ படிச்ச மாதிரி இருக்கு. நைரோபி அண்ணே, கென்யா விஷயம் கரெக்ட், இன்னிக்கே கென்யா ரிசீவபிள்ஸ் (வர வேண்டிய பாக்கி) பத்தி தனியா ஷீட் கேட்டாங்க.

இன்னும் ரெண்டு டவுட். எங்க பழைய ஸ்டாஃப் சில பேருக்கு இருபது வருஷ சர்வீஸ், கிராஜுவிட்டி அவ்ளோ பெருசு, ஆனா அதுக்குன்னு தனியா காசு எடுத்து வைக்கல, புக்ஸ்ல ப்ரொவிஷன் மட்டும்தான். இத ஃபண்டுக்காரங்க கிட்ட மறைக்கணும்னு முதலாளியோட தம்பி சொல்றார், எனக்கு கைகால் நடுங்குது. ரெண்டாவது என்னோட 0.5%, அத யாருமே தொடல!

கணக்குப்புள்ள:

மறைக்காதீங்க. கைய கட்டிக்கிட்டு சொல்லிடுங்க. யுஏஇ சட்டப்படி முதல் அஞ்சு வருஷத்துக்கு வருஷத்துக்கு 21 நாள் பேசிக் சம்பளம், அதுக்கு மேல 30 நாள், இந்தக் கணக்கு வளைகுடால டீல் பண்ற எல்லா ட்யூ டிலிஜென்ஸ்காரனுக்கும் (வாங்கறதுக்கு முன்ன கம்பெனிய சோதிக்கறவன்) மனப்பாடம். பணம் எடுத்து வைக்காத கிராஜுவிட்டிய அவங்க கடன் மாதிரிதான் பாப்பாங்க, விலைலேந்து கழிச்சுடுவாங்க, கழிச்சா உங்க ஸ்டாஃபுக்கு நல்லதுதான், ஏன்னா அந்தப் பொறுப்ப தெரிஞ்சு ஏத்துக்கிட்டதா ஆகுது. மறைச்சு வச்சு அப்புறம் தெரிஞ்சா வாரண்டி மீறல்னு, அதாவது விக்கறப்ப குடுத்த உறுதிமொழி பொய்னு, முதலாளி மேல கேஸ், கையெழுத்து போட்ட ஷீட்டு உங்களது. முதலாளி தம்பி சொன்னத வாய்ல விடாதீங்க, மெயில்ல எழுதித் தரச் சொல்லுங்க, தரமாட்டார்.

இன்னொன்னு கேட்டுப் பாருங்க, இந்த 40%-க்கு வர்ற காசு கம்பெனிக்குள்ள வருதா இல்ல முதலாளி குடும்பத்து பாக்கெட்டுக்கு போகுதா. புதுப் பங்கு வெளியிட்டா காசு கம்பெனிக்கு, கோல்ட் ஸ்டோரேஜ் கட்டலாம், சவுதில கிடங்கு எடுக்கலாம். குடும்பம் தன் பங்க விக்குதுன்னா கம்பெனிக்கு ஒரு ஃபில்ஸ் வராது, ஆனா வளர்ச்சி டார்கெட் மட்டும் தலைல வரும். பெரும்பாலும் ரெண்டும் கலந்துதான் இருக்கும், விகிதம் என்னங்கறதுதான் விஷயம். டேட்டா ரூம்ல டெர்ம் ஷீட் (டீலோட முக்கிய நிபந்தனை எழுதின பேப்பர்) உங்களுக்கு தெரியாதுன்னா கேஷ் ஃப்ளோ ஃபோர்காஸ்ட்ட பாருங்க, அதுல வெளிச்சம் தெரிஞ்சுடும்.

லைன்மேன்_மவன்:

0.5% பத்தி நான் சொல்றேன், என் மச்சான் பெங்களூர்ல ஒரு கம்பெனில இதே மாதிரி வாங்கி மாட்டுனான். எந்தக் கம்பெனில 0.5%-ன்னு கேளுங்க. மேல கேமன்லயோ ஏடிஜிஎம்லயோ (அபுதாபி நிதி மண்டலம்) மத்த கம்பெனிங்களோட பங்க வச்சுக்கறதுக்குன்னே ஒரு ஹோல்டிங் கம்பெனி வைப்பாங்க, காசு வர்றது அங்க. உங்களுக்கு கீழ இருக்கற துபாய் ட்ரேடிங் கம்பெனில ஆப்ஷன் குடுத்தா, மேல் கம்பெனிய வித்துட்டு போறப்ப உங்க பேப்பர யாரும் தொட மாட்டாங்க. மச்சானுக்கு அதுதான் ஆச்சு. அப்புறம் நீங்களா வேலைய விட்டா என்ன, அவங்களா அனுப்புனா என்ன, அத எழுத்துல வாங்குங்க. "விக்கும்போது இருந்தாதான் காசு"ன்னு இருந்தா நாலாவது வருஷம் பதினோராவது மாசம் உங்கள அனுப்பிட்டா கேக்க முடியாது.

நைரோபி_நாடார்:

அதோட ஃபண்டுக்கு முதல்ல அவங்க போட்ட காசும் ஒரு குறிப்பிட்ட வட்டியும் திரும்புன பிறகுதான் உங்க 0.5% ஆரம்பிக்குதான்னு கேளுங்க தம்பி. கம்பெனிய 100 ரூபாய்க்கு வித்தா 100-ல அரை சதவீதம்னு நினைக்காதீங்க, அவங்க 80 எடுத்துக்கிட்டு மிச்சம் 20-ல அரை சதவீதம்னு இருக்கலாம்.

சும்மா_ஒருத்தன்:

ஒரு சதவீதம் கேளுங்க ப்ரோ, அரைக்கு ஒத்துக்குவாங்க. இப்பவே அரைக்கு நின்னா கால்தான் கிடைக்கும்

டெய்ராவாசி:

இன்னிக்கு மதியம் ஹெச்ஆர் கிட்ட கேட்டேன். ஆப்ஷன் துபாய் கம்பெனிலதானாம், ஹோல்டிங் ஏடிஜிஎம்ல தனியா வருதாம். வாரண்டி பத்தி சொன்னதும் முதலாளி தம்பி முகம் மாறிடுச்சு, கிராஜுவிட்டி ஷீட்ட அப்படியே ஏத்திடுன்னு முதலாளியே சொல்லிட்டார். ஹோல்டிங்ல மாத்தித் தரச் சொல்லி மெயில் போட்டிருக்கேன், 1%-ன்னு எழுதி 😅 பதில் வந்தா இங்கயே போடறேன்.